கந்தல் கேட்டு வந்த பேத்திக்கு

ஏங்கண்ணு, புதுத்துணியைக் காசு குடுத்து வாங்கி, அதைத் துண்டு துண்டா வெட்டி, வெட்டுனதையே மறுபடியும் ஒண்ணா மூட்டித் தைக்கறதுக்குப் பெங்களூருல ஒரு வகுப்பு நடக்குதாமா? உங்கம்மா போன்ல சொன்னா. மொதல்ல வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன். அப்பறம் ஃபீஸு எவ்வளவுன்னு சொன்னா. வெளையாட்டுக்கு யாரும் அவ்வளவு காசு குடுக்க மாட்டாங்கன்னு நம்பீட்டேன்.

கோவிச்சுக்காத. உன்ற அப்புச்சி ஆயுசு பூராத் துணி வெட்டிப் பொழச்சவன். ஒத்தைக் கதவுக் கடை, ஒரு கால் மிஷினு, காஜா எடுக்க ஒரு பையன். வெட்டி மிச்சமான துணியை அந்தப் பையன் சாயங்காலம் கூட்டித் தள்ளுவான். வெறகு அடுப்புப் பத்த வைக்கப் பக்கத்து டீக்கடைக்காரரு அள்ளிட்டுப் போவாரு. அந்தக் குப்பைக்கு ஒரு இங்கிலீஷுப் பேரு உண்டு, அதுக்குப் படிப்பு உண்டு, படிச்சா சர்ட்டிபிகேட்டு உண்டுன்னு அப்ப எனக்கு யாரும் சொல்லலையே. சொல்லியிருந்தா டீக்கடைக்காரருகிட்ட வாடகை வாங்கியிருப்பேன்.

இப்ப உன்ற மனு என்னன்னா, அட்டாலி மேல இருக்கற டிரங்குப் பொட்டியைத் தெறந்து உங்கம்மாயி சேலையெல்லாம் நான் எடுத்துக் குடுக்கோணும். நீ அதை அழகழகா வெட்டி ஞாபகப் போர்வை தைக்கோணும். தைச்சுச் செவுத்துல மாட்டி, போட்டோ எடுத்துப் போடோணும். ஊரு பாத்து அடடான்னு சொல்லோணும். நல்ல காரியம். மாட்டேன்னு நான் சொல்லலை. ஆனா பொட்டிக்குள்ள இருக்கறது என்னன்னு உனக்குத் தெரியோணுமல்ல? கல்யாணப் பட்டு ஒண்ணு, சீருக்கு வந்தது ஒண்ணு, உங்க மாமன் கல்யாணத்துக்குச் சம்பந்தி ஊட்டுல எடுத்துக் குடுத்தது ஒண்ணு. உங்கம்மாயி அதுகளைக் கட்டுனதை விட மடிச்சு வெச்சதுதான் எச்சு. அந்தச் சேலைகளுக்கு அவளை அவ்வளவாப் பழக்கமில்லை. பாச்சை உருண்டையைத்தான் நல்லாத் தெரியும்.

அவளை நல்லாத் தெரிஞ்ச சேலை வேணும்னா பொடக்காலிக்குப் போ. அங்க கொடியில கெடக்கற கந்தலைப் பாரு. உங்கம்மாயிகிட்ட ஒரு நூல்சேலை வந்து சேந்துட்டா அதுக்கு ரிட்டயர்மென்ட்டே கெடையாது. மொத ரெண்டு வருசம் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும். அப்பறம் ஒறம்பரை ஊட்டுக்கு. கரை நெறம் கொறைஞ்சா சந்தைக்கு. முந்தி கிழிஞ்சாக் காட்டு வேலைக்கு. உக்காந்து எந்திரிச்சு நடுவுல நைஞ்சு போனா, நைஞ்ச எடத்தை அறுத்துத் தள்ளீட்டு, மிச்சம் ரெண்டையும் மூட்டிக் குடுங்கன்னு என்ற மிஷினுக்கே கொண்டாந்துருவா. கூலி கெடையாது. இன்னொரு வருசம் ஓடும். அதுக்குள்ள யாருக்காச்சும் கொழந்தை பொறந்துரும், தொட்டில் கட்டீருவா. உங்கம்மா தொங்குனது அதுல, உங்க மாமன் தொங்குனது அதுல, சித்த நாள் நீயும் தொங்கியிருக்கறே. தொட்டில் அவுத்த பின்னால ரெண்டு மூணு சேலையை மடிச்சு ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, சுத்தியும் நடுவுலயும் ஓட்டுத்தையல் விட்டா அது படுக்கற விரிப்பு. மார்கழி வந்தா அதுவே போர்வை. அப்பறம் அடுப்படியில கரித்துணி. அப்பறம் கட்டுத்தரையில சாணிக் கை தொடைக்க. அதுக்கும் மேல கிழிஞ்சா, திரிச்சுச் சீமெண்ணெய் வெளக்குக்குத் திரி. எரிஞ்சு சாம்பலாப் போனதும்தான், பாவம், அந்தச் சேலை உங்கம்மாயிகிட்ட இருந்து தப்பிச்சுது.

அதனாலதான் நம்ம பக்கம் நீ சொல்ற அந்தப் போர்வைக் கலை வளரலைன்னு நெனைக்கறேன். பஞ்சு வெச்சுத் தைச்ச போர்வையை நம்ம சித்திரை வெயிலுக்குப் போத்திப் பாரு, தெரியும். குளுரு இருக்கற ஊருலதான் கந்தலுக்கு யோகம். வங்காளத்துல பழஞ்சேலைகளை அடுக்கி வெச்சு, அந்தச் சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, அதாலயே தைப்பாங்களாமா. காந்தான்னு பேரு. நூலுக்குக் கூடக் காசு குடுக்கலை பாரு, அங்கதான் எனக்கு அவிய மேல மரியாதை வந்துச்சு. மகாராஷ்டிராவுல கோதடி, வட கர்நாடகத்துல கௌதி. நீ வாரம் பூராக் குளிரூட்டுன ரூமுல ஒக்காந்து வேலை பாக்கறே, உனக்குப் போர்வை வேணும். நியாயந்தான்.

உன்ற நோட்டைப் பாத்தேன். கட்டம் போட்ட தாள்ல பென்சில்ல டிசைன் போட்டு, கலர் அடிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் நெம்பர் குடுத்து வெச்சிருக்கறே. பாலம் கட்டற இஞ்சினியருகூட இத்தனை கணக்குப் போட்டிருக்க மாட்டாரு. ஆனா கணக்கே போடாமத் தைக்கறவங்களும் இருக்கறாங்க. வட கன்னட மாவட்டத்துல எல்லாப்புரா, ஹளியால் காட்டுப் பக்கம் சித்திகள்னு ஒரு சனம் இருக்குது. ஆப்பிரிக்காவுலருந்து போர்ச்சுகீசியன் கோவாவுக்கு அடிமையாக் கொண்டாந்த ஆளுகளோட வம்சம், அங்கிருந்து தப்பிச்சுக் காட்டுக்கு வந்தவங்க. அந்தப் பொம்பளைக கவந்தின்னு ஒரு போர்வை தைக்கறாங்க. அடியில ஒரு பழஞ்சேலையை விரிச்சு, ஒரு மூலையில ஆரம்பிச்சு, கையில கெடைச்ச துண்டை வெச்சு ஓரத்தோடயே சுத்திச் சுத்தி உள்ளே போறாங்க. நடுவுக்கு வந்து சேந்தாப் போர்வை முடிஞ்சுது. தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. ஆனா ஒண்ணு, நாலு மூலையிலயும் துணியை முக்கோணமா மடிச்சுப் பூ வெச்சே ஆகோணும். பூ வைக்காத போர்வை அம்மணமா நிக்குதுன்னு சொல்லுவாங்களாமா. கந்தலுக்கும் மானம் பாக்கற சனம்.

நீ போன மாசம் போன்ல காட்டுனியே, அமெரிக்காவுல ஜார்ஜியாக்காரப் பொம்பளை, ஹாரியட் பவர்ஸ்? அந்த அம்மாவைத்தான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. 1837ல அடிமையாப் பொறந்தவ. பைபிள் கதையெல்லாம் துணியில வெட்டி ஒட்டி ஒரு போர்வை தைச்சு, 1886ல அங்க நடந்த பருத்திக் கண்காட்சியில வெச்சா. ஜென்னி ஸ்மித்துன்னு ஒரு வெள்ளைக்கார ஓவிய டீச்சரு வெலைக்குக் கேட்டா. எந்த வெலைக்கும் இல்லைன்னுட்டா. அப்பறம் கஷ்டம் வந்துச்சு, 1891ல அவளே போயிப் பத்து டாலருக்குக் குடுக்கறேன்னா. டீச்சரு அஞ்சு டாலருதான் இருக்குதுன்னா. அஞ்சுக்கே முடிஞ்சுது. படிச்சவளும் சந்தைக்கு வந்தாப் பாதி வெலைக்குத்தான் கேப்பாங்கறது நம்ம புஞ்சைப் புளியம்பட்டிச் சந்தைக்கு மட்டும் உள்ள சட்டமில்லை.

ஆனா குடுத்துட்டு அவ சும்மா வரலை பாத்தியா. ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இது இன்ன கதை, இது இன்னாருன்னு சொல்லிட்டுத்தான் கையை விட்டா. டீச்சரு உக்காந்து எழுதி வெச்சுக்கிட்டா. அப்பறமும் விட்ட மனசு கேக்காமப் பல தடவை போயிப் பாத்துட்டு வந்தாளாமா. அந்தப் போர்வை இப்ப வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்குது. இன்னொண்ணு தைச்சா, அது பாஸ்டன்ல இருக்குது. அதுல 1833ல வானத்துலருந்து நட்சத்திரம் கொட்டுன ராத்திரி ஒரு கட்டம். கணக்குப் போட்டுப் பாரு, அவ பொறக்கறதுக்கு நாலு வருசம் முன்னால நடந்தது. பாத்தவங்க சொல்லிக் கேட்டுத் தைச்சிருக்கறா. இன்னொரு கட்டத்துக்குள்ள ஒரு பன்னியும் இருக்குது. பேரு பெட்ஸ். ஜார்ஜியாவுலருந்து வர்ஜீனியாவுக்கு ஐநூறு மைல் ஓடிப் போன சுதந்திரப் பன்னியாமா. அவ வாயால சொன்னது எழுத்துல இருக்கறதனாலதான் அது பன்னின்னும், அதுக்கு ஒரு பேரு இருக்குதுன்னும் நமக்குத் தெரியுது. எழுதலைன்னு வெச்சுக்க, அத்தனை பெரிய அருங்காட்சியகத்துல படிச்சவங்க பத்துப் பேரு நின்னுட்டு அது நாயா, மூட்டையான்னு பேசிட்டு இருந்திருப்பாங்க.

உன்ற நோட்டுல நெம்பர் இருக்குது கண்ணு, பேரு எங்க இருக்குது? பச்சைத்துண்டு யாருது? அந்தக் கட்டம் போட்ட சட்டைத்துணி யாரு போட்டது, எதுக்கு எடுத்தது, எங்க கிழிஞ்சுது? அதெல்லாம் கேக்கறதுக்கு வகுப்புல சொல்லிக் குடுக்கலையாக்கும்.

கறை இருக்குதுன்னு நீ ஒதுக்கி வெச்ச துணிகளைப் பத்தி ஒண்ணு சொல்றேன். அலபாமாவுல ஆத்து வளைவுக்குள்ள ஜீஸ் பெண்டுன்னு ஒரு ஊரு. அங்க மிசௌரி பெட்வேன்னு ஒரு அம்மா. புருசன் செத்துட்டான். 1942ல, அவன் காட்டுக்குப் போட்டுட்டுப் போன வேலைத்துணியெல்லாத்தையும் எடுத்துக் கிழிச்சு ஒரு போர்வை தைச்சா. மகளும் கூட ஒக்காந்து கிழிச்சுக் குடுத்தாளாமா. அதைப் போத்திட்டுப் படுக்கோணும்னுதான் தைச்சா, செவுத்துல மாட்டறதுக்கு இல்லை. அந்த ஊருப் போர்வைகளை நீ பெருசு பண்ணிக் காட்டுனப்ப நான் என்ன பாத்தேன்னு தெரியுமா? கால்சட்டை முட்டி வெளுத்திருக்குது. பாக்கெட்டைப் பிரிச்ச எடத்துல மட்டும் நெறம் அப்பிடியே கட்டமா நிக்குது. தையக்காரனுக்கு அது போதும், ஆளே வந்து முன்னால நின்னுக்குவான். எந்த முட்டியை ஊனி உக்காந்தான், எந்தப் பக்கத்து பாக்கெட்டுல கையை விட்டுட்டு நின்னான், எல்லாம் தெரிஞ்சு போகும். என்ற கடைக்கு ஒட்டுப் போட வர்ற டவுசரைப் பாத்தே ஆளு மம்பட்டி வேலைக்காரனா, கணக்கெழுதறவனான்னு நான் சொல்லுவேன். மம்பட்டிக்காரனுக்கு முட்டி போயிருக்கும். கணக்குப்பிள்ளைக்குப் போற எடமே வேற.

அந்த ஊருக் கந்தலைத்தான் 2002ல ஹூஸ்டன் அருங்காட்சியகத்துல மாட்டுனாங்க, அப்பறம் நியூயார்க்குக்குக் கொண்டு போனாங்க. 2006ல அமெரிக்கா சர்க்காரு அதைத் தபால் தலையாவே போட்டுது. அதே ஊருப் பொம்பளைக 1970கள்ல சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராயில தலையாணி உறை தைச்சுக் குடுத்துட்டு, வெட்டுன மிச்சத்தை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் போர்வை தைச்சிருக்காங்க. திருப்பூருல எத்தனை லாரி கட்டிங் வேஸ்ட்டு போகுதுன்னு நீ பாத்திருக்கறே. நம்மாளு அதுல மிஷினைத் தொடைக்கறான். நான் ஒண்ணும் சொல்லலை.

மாவு மூட்டைக் கதையும் ரெண்டு ஊருலயும் ஒண்ணுதான். அமெரிக்காவுல பஞ்ச காலத்துல மாவு வந்த துணிப்பையைப் பொம்பளைக கவுனாவும் போர்வையாவும் தைக்கறாங்கன்னு தெரிஞ்சதும், மில்லுக்காரனே பைமேல பூப்பூவா அச்சடிச்சு வித்தான். நமக்கு அங்கிருந்து தானமா வந்த பையில பூ இல்லை, ரெண்டு கை குலுக்கற படம் இருந்துச்சு. எங்கப்பன் அதுல எனக்கு டவுசரு தைச்சான். படம் சரியாப் பின்னால வந்துருச்சு. பள்ளிக்கூடத்துல நான் பெஞ்சுல உக்காரும் போதெல்லாம் இந்தியாவும் அமெரிக்காவும் ஒறவு பலப்பட்டுது. அந்த டவுசரு இப்ப இருந்தா உன்ற போர்வைக்கு நடுவுல வைக்கச் சொல்லியிருப்பேன்.

சரி, வேலைக்கு வா. பழந்துணியை மொதல்ல தனித்தனியா ஊற வை. சுங்குடிச் சேலைச் சேப்பு எத்தனை வருசமானாலும் சாயம் விடும், அது பக்கத்துல வெள்ளை வேட்டியை வெச்சுத் தைச்சீன்னா மொதத் தொவையல்லயே வேட்டி ரோசாப்பூ நெறத்துக்குப் போயிரும். பாலியெஸ்டரையும் நூல்துணியையும் ஒரே வரிசையில சேக்காத. நூல்துணி சுருங்கும், பாலியெஸ்டரு அசையாது, நடுவுல தையல் சுருக்கம் விழுந்து அழுகும். சேலையில கொசுவத்துக்குள்ள மடிஞ்சு கெடந்த பாகம் வெயில் படாம நெறம் நிக்கும், வலுவும் இருக்கும். இடுப்புல சொருகுன பாகத்தை நம்பாத. கத்தரியில வெட்டறதை விட, ஓரத்துல சின்னதா ஒரு வெட்டுக் குடுத்துட்டுக் கையால கிழிச்சுப் பாரு. நூலோடயே போகும், கோணாது. கிராஸுல வெட்டுன துண்டு இழுத்தா நீளும், தைச்சு முடிக்கறப்பப் போர்வை சதுரமா இருக்காது. மூணு அடுக்கு சேந்தா மிஷினுக்குப் பதினாறாம் நெம்பர் ஊசி போடு. கையில தைக்கறதுன்னா தையல் ஒரு அரிசி நீளம் இருக்கட்டும். அதைவிடச் சின்னதாத் தைச்சுத் திறமை காட்டாத, பழந்துணி ஓட்டை விழுந்து கிழிஞ்சுரும். இவ்வளவையும் உன்ற வகுப்புல எத்தனை வாரத்துல சொல்லிக் குடுக்கறாங்கன்னு விசாரிச்சுச் சொல்லு. நானும் ஒரு போர்டு எழுதி மாட்டலாம்னு இருக்கறேன்.

கஷ்டமான வேலை இனிமேத்தான் வருது. எந்தத் துண்டை எங்க வைக்கறது? உனக்கு அது கலரு பொருத்தம். நம்ம சொந்தத்துக்கு அது கல்யாணப் பத்திரிகையில பேரு போடற மாதிரி. யாரு பேரு மேல, யாரு பேரு கீழ, யாரு எழுத்து சின்னதா வந்துருச்சுன்னு இருபது வருசம் பேசுவாங்க. உங்க அத்தையோட துண்டு மூலையில வந்துச்சுன்னா, வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்ல மாட்டா. காப்பி குடிக்காமப் போயிருவா. பெரிய மாமன் வேட்டியும் சின்ன மாமன் வேட்டியும் ஒரே அளவுல இருக்கோணும், டேப்பு வெச்சு அளந்து பாக்கற ஆளுக. தாம்பூலப் பையில, மஞ்சப்பையில பொண்ணு மாப்பிள்ளை பேரு அச்சடிச்சிருக்குது, அதையும் தைக்கலாமான்னு கேட்டியே. நல்ல யோசனைதான். 2021 டிசம்பர்ல சர்க்காரே மஞ்சப்பையைத் திரும்பக் கையிலெடுக்கச் சொல்லிருச்சு. ஆனா பேரைப் படிச்சுட்டுத் தை. நம்ம ஊட்டுல தொங்கற ஒரு பையில சேந்தாப்புல அச்சடிச்ச ரெண்டு பேரும் இப்பக் கோர்ட்டுல எதிரெதிரா நிக்கறாங்க. அந்தப் பையில புளி போட்டு வெச்சுக்கலாம்.

இன்னொண்ணும் நீ காட்டுனே. அதுல கேலி பேச எனக்கு மனசு வரலை. எய்ட்ஸ் நோயில செத்தவங்களுக்காக அமெரிக்காவுல தைச்ச போர்வை. 1987ல வாஷிங்டன் மைதானத்துல மொதத் தடவை விரிச்சப்பவே 1,920 துண்டு. இப்ப அம்பதாயிரம் பக்கம், எடை 54 டன்னுங்கறாங்க. ஒவ்வொண்ணும் மூணடிக்கு ஆறடி. அளவைச் சொன்ன ஒடனே எனக்கு வெளங்கிருச்சு, குழிக்கு எடுக்கற அளவு. அடக்கத்துக்கு ஆளு வராத பிள்ளைகளுக்குக்கூட யாரோ ஒக்காந்து சட்டையையும் பேரையும் சேத்துத் தைச்சிருக்காங்க. உசுரோட இருக்கறப்ப மூஞ்சி பாக்காத சொந்தக்காரங்க, செத்த பின்னால ஊசி எடுத்தவங்களும் அதுல இருந்திருப்பாங்க. செத்தவங்க துணியை எடுக்க யாரையும் கேக்க வேண்டியதில்லை. இருக்கறவங்ககிட்டப் போயி, உன்ற சேலையில ஒரு சாண் குடுன்னு கேக்கறதுக்குத்தான் தெகிரியம் வேணும்.

அங்கதான் உன்ற பெரியம்மா விசயம் வருது. நீ சின்னவ, உனக்குப் பாதிதான் தெரியும். உங்கம்மாயி காரியம் முடிஞ்சு சேலை பங்கு வெச்சப்ப, அந்த அரக்குக் கலர் கோராச் சேலைக்கு உங்கம்மாளுக்கும் பெரியம்மாளுக்கும் வாய்த்தகராறு. சிறுமுகைத் தறியில நெய்தது. கடலைக்காய் வித்த காசுல உங்கம்மாயி தானாப் போயி எடுத்த ஒரே சேலை, மத்ததெல்லாம் நானோ சொந்தக்காரங்களோ எடுத்துக் குடுத்தது. அதனாலதான் அதை அப்பிடிக் கட்டுனா. எனக்கு வாயால சொல்லிட்டுப் போனாங்கன்னு பெரியவ சொன்னா. கடைசி மூணு மாசம் கையில சோறு ஊட்டுனவ நானுன்னு சின்னவ சொன்னா. ரெண்டும் நெசம். பெரியவ எடுத்துட்டுப் போயிட்டா. கட்டுனாளான்னா அதுவும் இல்லை, தங்கச்சி கண்ணுல பட்டுருமேன்னு பீரோவுல பூட்டி வெச்சிருக்கறா. அதுலருந்து நோம்பிக்கு ஒருத்தி காத்தால வர்றா, இன்னொருத்தி அவ போன பின்னால சாயங்காலம் வர்றா. எனக்கு ரெண்டு வேளையும் கறிச்சோறு கெடைக்குது. அதனால நானும் பெருசாச் சமாதானம் பேசலை.

ஆனா வயசாகுதல்ல கண்ணு. ரெண்டு வேளைக் கறி இப்பச் செரிக்க மாட்டேங்குது.

அதுக்குத்தான் சொல்றேன், உன்ற போர்வையில அந்தச் சேலை இல்லைன்னா அது உங்கம்மாயி போர்வையே இல்லை. நான் போயிக் கேட்டா, சின்னவளுக்காகக் கேக்கறேன்னு சொல்லுவா. உங்கம்மா கேட்டா ஊரே கூடிரும். பேத்தி கேட்டா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. போன ஒடனே சேலைன்னு ஆரம்பிக்காத. ரெண்டு வாய் சாப்புடு. ராயிக்களி கிண்டியிருந்தா, எங்கம்மாளுக்கு இந்தப் பக்குவம் வராது பெரியம்மான்னு ஒரு வார்த்தை சொல்லு. பொய்யில்லை, உங்கம்மா களி கிண்டுனா அது கல்லுக் கட்டறதுக்குத்தான் ஆகும். அப்பறம் நோட்டை எடு. அம்மாயி அந்தச் சேலையை எடுத்த கதையைக் கேளு. அவ சொல்லச் சொல்ல எழுது. சொல்லி முடிக்கறப்ப அவளே எந்திரிச்சுப் பீரோ சாவியை எடுத்துக்குவா. அப்பக்கூட முழுச் சேலையையும் கேக்காத. கால் பக்கம் ஒரு சாண், முந்தியில ஒரு சாண். கிழிக்கறதையும் அவ கையாலயே கிழிக்கச் சொல்லு.

அந்தச் சேலைக்கு ரவிக்கை தைச்சவன் நான். வெட்டுன மிச்சம் ஒரு முழத்துக்குக் கொறையாம என்ற மிஷின் டிராயருக்குள்ள பாபின் டப்பாக்கு அடியில இருக்குது. அது உங்கம்மாளுக்கும் தெரியாது, பெரியம்மாளுக்கும் தெரியாது. கேட்டாலும் உனக்குத் தர மாட்டேன். நீ போயிக் கேட்டு வாங்கறதுதான் எனக்கு வேணும்.

தைச்சு முடிச்சதும் அதைச் செவுத்துல மாட்டாத, தூசி அடையும், பல்லி முட்டை வைக்கும். போத்து, தொவை, கிழிஞ்சா ஒட்டுப் போடு. மொத ரெண்டு நாளைக்கு உங்கம்மாகிட்டக் குடு, போத்திட்டுப் படுக்கட்டும். எந்தத் துண்டு யாருதுன்னு நீ சொல்ல வேண்டியதில்லை, அரக்குக் கலரை அவளே கண்டுபுடிச்சுக்குவா. போன் எடுத்து அக்காளைச் சண்டைக்குக் கூப்புடுவா. கூப்புடட்டும், பேசறதுன்னு ஒண்ணு ஆரம்பிக்குமல்ல.

சனிக்கிழமை காத்தால மொத பஸ்ஸுக்கு வா. நேராப் பெரியம்மா ஊட்டுக்குப் போ, வெறுங்கையோட போகாம அரைக் கிலோ மிச்சரு வாங்கிக்க, அவளுக்கு இனிப்பு ஆகாது. உங்கம்மா கேட்டா, அப்புச்சிக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு.